ஏழு டாலர் சம்பளமும் 54வது மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட்டும்

"குளோரி" படம் பார்த்திருக்கீங்களா? 1989ல் வந்தது. எட்வர்ட் ஸ்விக் இயக்கம். டென்சல் வாஷிங்டனுக்கு முதல் ஆஸ்கர் கிடைத்தது இந்தப் படத்தில்தான். அமெரிக்க உள்நாட்டுப் போர் நேரத்தில் கறுப்பினச் சிப்பாய்கள் மட்டுமே இருந்த ஒரு ரெஜிமென்ட்டின் கதை. கடைசியில் கடற்கரை மணலில் ஒரு கோட்டையை நோக்கி ஓடுவார்கள், கொத்துக் கொத்தா விழுவார்கள், படம் முடிஞ்சிடும். நானும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்து வந்துட்டேன்.

ஆனா மனசுல தங்கினது அந்தச் சண்டை இல்லை. நடுவில் வரும் ஒரு சின்னக் காட்சி. சம்பள நாள். 13 டாலர்னு சொல்லிச் சேர்த்த ஆட்களிடம், "உங்களுக்கு 10 டாலர்தான்" என்கிறார்கள். சிப்பாய்கள் சம்பளச் சீட்டைக் கிழித்து எறிகிறார்கள். வெள்ளைக்காரக் கர்னலும் தன் சீட்டைக் கிழிக்கிறார். ஒரே ஆரவாரம். கதை அடுத்த இடத்துக்குப் போயிடுது.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? சம்பளம் வந்துச்சா இல்லையா? பொட்டி தட்டிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கேள்விதானே முதலில் வரும் :-)

தேடிப் படித்தபோது தெரிந்தது, படத்தில் சில நிமிஷத்தில் முடியும் அந்த விவகாரம் நிஜத்தில் 18 மாசம் ஓடியிருக்கிறது. கோட்டைச் சண்டை சில மணி நேரம். சம்பளச் சண்டை ஒன்றரை வருஷம். இந்தப் பதிவு ரெண்டாவது சண்டையைப் பற்றியது. முதல் சண்டையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது என்பதால் இரண்டும் வரும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

ஆள் எடுத்தது மாநிலம், படியளப்பது மத்திய அரசு

முதலில் ஒரு அடிப்படை விஷயம். 1861ல் போர் தொடங்கியபோது அமெரிக்காவின் நிரந்தர ராணுவம் ரொம்பச் சின்னது. அதனால் வடக்கு மாநிலங்கள் ஒவ்வொன்றும் தன் ஊர் ஆட்களைத் திரட்டி "தன்னார்வ காலாட்படை" ரெஜிமென்ட்களை உருவாக்கிக் கொடுத்தன. ஒரு ரெஜிமென்ட்டில் 10 கம்பெனி, சுமார் 1000 ஆட்கள். அதிகாரிகளை நியமிப்பது மாநில கவர்னர். ஆட்கள் திரண்டதும் ரெஜிமென்ட்டை மத்திய அரசின் சேவையில் எடுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் சோறும் துப்பாக்கியும் சம்பளமும் மத்திய அரசு பொறுப்பு. 54வது மாசசூசெட்ஸ் என்றால் அந்த மாநிலம் திரட்டிய 54வது காலாட்படை, அவ்வளவுதான்.

நம்ம பாஷையில் சொன்னால், ஆஃபர் லெட்டர் கொடுத்தது ஒருத்தர், பேரோல் போடுவது இன்னொருத்தர். காண்ட்ராக்டில் வேலை பார்த்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. பிரச்சினை முளைத்ததும் சரியாக இந்த இடைவெளியில்தான்.

1863 ஜனவரி 1 அன்று லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வந்தது. கறுப்பின ஆண்களைப் படையில் சேர்க்கலாம் என்பதும் அதில் இருந்தது. மாசசூசெட்ஸ் கவர்னர் ஜான் ஆண்ட்ரூ அடிமை முறையைத் தீவிரமாக எதிர்த்தவர். அந்த மாசமே போர்த்துறைச் செயலாளர் ஸ்டான்டனிடம் அனுமதி வாங்கிவிட்டார். ஆனால் மாசசூசெட்ஸில் ஒரு ரெஜிமென்ட்டை நிரப்பும் அளவுக்குக் கறுப்பின மக்கள் இல்லை. அதனால் வடக்கு முழுக்க ஆள் தேடினார்கள். பென்சில்வேனியாவிலிருந்து வந்தவர்கள் மாசசூசெட்ஸ்காரர்களை விட அதிகம். நியூயார்க், ஒஹையோ, ஏன் கனடாவிலிருந்தும்கூட வந்தார்கள்.

ஆள் சேர்த்தவர்களில் முக்கியமானவர் ஃப்ரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, அந்தக் காலத்தின் மிகப் பெரிய பேச்சாளர்களில் ஒருவராக வளர்ந்தவர். ஊராருக்குச் சொல்வதற்கு முன் தன் வீட்டிலிருந்தே ஆரம்பித்தார். மகன்கள் சார்லஸ், லூயிஸ் இருவரும் 54வதில் சேர்ந்தார்கள்.

படத்தில் இவர்களில் பெரும்பாலானோர் தப்பி வந்த அடிமைகள் மாதிரி காட்டுவார்கள். நிஜத்தில் பெரும்பாலானவர்கள் சுதந்திர மனிதர்களாகவே வாழ்ந்தவர்கள். விவசாயக் கூலி, மாலுமி, முடிதிருத்துபவர், சமையல்காரர். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க. கூலிக்குக் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் இவர்கள்.

சேரும்போது சொன்ன வாக்குறுதி தெளிவானது. மாசம் 13 டாலர், உடை, உணவு. மற்ற தன்னார்வச் சிப்பாய்களுக்கு என்னவோ அதே.

அதிகாரிகள் எல்லாம் வெள்ளையர். கர்னலாக வந்தவர் ராபர்ட் கூல்ட் ஷா. வயது 25. பாஸ்டனின் பணக்கார, அடிமை முறையை எதிர்த்த குடும்பம். முதலில் இந்தப் பதவி வேண்டாம் என்று மறுத்து, பிறகு மனம் மாறி ஏற்றுக்கொண்டவர்.

1863 மே 28 அன்று ரெஜிமென்ட் பாஸ்டன் தெருக்களில் அணிவகுத்துச் சென்று கப்பல் ஏறியது. பெருங்கூட்டம் கூடி வழியனுப்பியது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், 1854ல், அதே பாஸ்டனில் அந்தோணி பர்ன்ஸ் என்ற தப்பியோடிய அடிமையைப் பிடித்து, துப்பாக்கி ஏந்திய படை புடைசூழக் கப்பலேற்றி முதலாளியிடம் திருப்பி அனுப்பினார்கள். அன்று ஒரு கறுப்பு மனிதனை நடுவில் விட்டு ராணுவம் நடந்தது. இன்று ஆயிரம் கறுப்பு மனிதர்களே ராணுவமாக நடந்தார்கள். ஒன்பதே வருஷம்!

வாக்னர் கோட்டை

தென் கரோலினா கரையோரத்தில் போய் இறங்கினார்கள். ஜூன் 11ல் ஜார்ஜியாவின் டேரியன் என்ற ஊரைக் கொள்ளையடித்துக் கொளுத்தும் ஒரு கேவலமான வேலை. ஜேம்ஸ் மான்ட்கோமரி என்ற கர்னலின் உத்தரவு அது. ஷாவுக்கு ரொம்ப அவமானமாகப் போய்விட்டது. மான்ட்கோமரி பெயரையும் ஞாபகம் வச்சுக்கோங்க, மறுபடி வருவார்.

ஜூலை 16ல் ஜேம்ஸ் தீவில் முதல் உண்மையான சண்டை. விடிகாலையில் எதிரி பாய்ந்தபோது 54வது தாக்குப்பிடித்து நின்றது. அதனால் மாட்டிக்கொள்ள இருந்த 10வது கனெக்டிகட் என்ற வெள்ளையர் ரெஜிமென்ட் தப்பித்தது.

அன்றிரவே சேற்றிலும் சதுப்பிலும் நடை. சரியான சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. ஜூலை 18 சாயங்காலம் மோரிஸ் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேதான் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாசலைக் காக்கும் வாக்னர் கோட்டை. கோட்டை என்றால் நம்ம செஞ்சி மாதிரி கற்கோட்டை இல்லை. மணலையும் மண்ணையும் பனங்கட்டைகளையும் கொண்டு கட்டியது. பீரங்கிக் குண்டு விழுந்தால் மணல் அதை அப்படியே விழுங்கிவிடும். பகல் முழுக்க நிலத்திலிருந்தும் கப்பல்களிலிருந்தும் குண்டு மழை பொழிந்தும், உள்ளே இருந்த சுமார் 1700 பேரும் பதுங்கு அறைகளில் பத்திரமாக இருந்தார்கள். உள்ளே எல்லாம் முடிந்திருக்கும் என்று தளபதிகள் நினைத்தார்கள்.

முன்னணியில் போவது யார்? களைத்துப் போய் அப்போதுதான் வந்து இறங்கிய 54வதுக்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள். ஷா ஏற்றுக்கொண்டார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு, நடுவில் குறுகிய மணல் பாதை. இருட்டத் தொடங்கிய நேரத்தில் சுமார் 600 பேர் கிளம்பினார்கள். கிட்டே போனதும் கோட்டை உயிர் பெற்றது. அகழியைத் தாண்டி மண் சுவர் மீது ஏறியவர்களும் உண்டு. ஷா அந்தச் சுவர் மீதே சுடப்பட்டு இறந்தார்.

கொடி ஏந்தியவர் விழுந்தபோது சார்ஜென்ட் வில்லியம் கார்னி அதைத் தாங்கிப் பிடித்தார். உடம்பில் பல காயங்களுடன், கொடியைத் தரையில் விடாமல் முகாம் வரை தவழ்ந்தும் நடந்தும் கொண்டு வந்து சேர்த்தார்.

600 பேரில் 270க்கும் மேல் இறந்தோ, காயம்பட்டோ, காணாமலோ போனார்கள். பின்னால் வந்த வெள்ளையர் ரெஜிமென்ட்களும் சிதறின. வடக்குத் தரப்பில் மொத்த இழப்பு சுமார் 1500. தெற்குத் தரப்பில் 200 கூட இல்லை. காயமில்லாமல் மிஞ்சிய அதிகாரிகளில் மூத்தவர் என்ற முறையில் அன்றிரவு ரெஜிமென்ட்டின் பொறுப்பை ஏற்றவர் கேப்டன் லூயிஸ் எமிலியோ. வயது 18! (இவர்தான் பின்னாளில் ரெஜிமென்ட்டின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார்.)

ஷாவின் உடலை மரியாதையாகத் திருப்பித் தராமல், அவருடைய சிப்பாய்களோடு ஒரே குழியில் போட்டுப் புதைத்தார்கள். அவமானப்படுத்துவதாக நினைப்பு. பிறகு உடலைத் தோண்டி எடுக்கும் பேச்சு வந்தபோது ஷாவின் அப்பா வேண்டாம் என்று எழுதிவிட்டார். அவன் ஆட்களோடு கிடப்பதை விடச் சிறந்த இடம் அவனுக்கு இல்லை என்பது அவர் எண்ணம்.

இன்னொரு தகவல். அதே வாரம், ஜூலை 13 முதல் 16 வரை, நியூயார்க்கில் கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பை எதிர்த்துக் கலவரம். வெறி பிடித்த கும்பல் கறுப்பின மக்களைத் தேடித் தேடி அடித்தது. 54வதைச் சேர்ந்த சார்ஜென்ட் ராபர்ட் சிமன்ஸின் அக்கா தங்கை வழிச் சிறுவன் அதில் கொல்லப்பட்டான். சில நாளில் சிமன்ஸ் வாக்னரில் குண்டடிபட்டுப் பிடிபட்டு, எதிரியின் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

படம் இங்கே முடிகிறது. ரெஜிமென்ட் முடியவில்லை.

சிப்பாயா, கூலியா?

வாக்னருக்கு முன்னாலேயே, ஜூன் கடைசியில், சம்பளப் பட்டுவாடா பிரச்சினை வந்துவிட்டது. 13 இல்லை, 10 டாலர். அதிலும் 3 டாலர் உடைக்காகப் பிடித்தம். கையில் 7.

இந்த 10 எங்கிருந்து வந்தது? 1862 ஜூலையில் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டிருந்தது. கறுப்பின ஆட்களைப் பதுங்கு குழி வெட்டவும் முகாம் வேலைகளுக்கும் வைத்துக்கொள்ளலாம், மாசம் 10 டாலர், அதில் 3 உடையாகக் கொடுக்கலாம் என்று. அதாவது அது மண்வெட்டி பிடிக்கும் கூலிகளை மனசில் வைத்து எழுதிய சட்டம். போர்த்துறை வக்கீல் அதை எடுத்து வைத்துக்கொண்டு, கறுப்பினச் சிப்பாய்க்கும் இதுதான் பொருந்தும் என்று சொல்லிவிட்டார். ஸ்டான்டன் கவர்னருக்குக் கொடுத்த வாக்கு காற்றோடு போச்சு.

இதில் இன்னும் கொடுமை, பதவி உயர்வுக்கும் மதிப்பில்லை. வெள்ளையர் ரெஜிமென்ட்டில் சார்ஜென்ட்டுக்கு 17 டாலர். கறுப்பின சார்ஜென்ட்டுக்கும் அதே 10தான், பிடித்தம் போக 7. கார்னி மாதிரி ஒரு சார்ஜென்ட்டின் சம்பளம், நேற்று சேர்ந்த வெள்ளைக்காரச் சிப்பாயின் சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேல்.

54வது வாங்க மறுத்தது. ஒண்ணு முழுச் சம்பளம் கொடுங்கள், இல்லை இவர்களைப் படையிலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்புங்கள் என்று ஷா ஜூலை தொடக்கத்தில் கவர்னருக்கு எழுதினார். இரண்டு வாரத்தில் ஷா இறந்துவிட்டார். அதாவது படத்தில் சீட்டைக் கிழித்த கர்னல் இந்தச் சண்டையின் தொடக்கத்தை மட்டும்தான் பார்த்தார். மிச்சத்தைச் சிப்பாய்களே நடத்தினார்கள்.

ஆகஸ்டில் டக்ளஸ் நேரே வெள்ளை மாளிகைக்குப் போய் லிங்கனைப் பார்த்துச் சம்பளம் பற்றிக் கேட்டார். கறுப்பினத்தவரைப் படையில் சேர்ப்பதற்கே இவ்வளவு எதிர்ப்பு இருக்கும்போது, குறைந்த சம்பளம் என்பது வழியைச் சுலபமாக்க ஒரு விட்டுக்கொடுத்தல், முடிவில் சமமாகிவிடும் என்பது லிங்கனின் பதில். யோசிச்சுப் பாருங்க, விட்டுக்கொடுத்தது யாருடைய பாக்கெட்டிலிருந்து?

வாக்னருக்குப் பிறகு இவர்களுக்குக் கிடைத்த வேலையும் மண்வெட்டிதான். கோட்டையை நெருங்க அகழி தோண்டுவது, குண்டு மழையில் மணல் மூட்டை அடுக்குவது. (செப்டம்பர் 6 இரவு தெற்குப் படை கோட்டையைக் காலி செய்துவிட்டுப் போனது. அத்தனை உயிர் கொடுத்துப் பிடிக்க முடியாத கோட்டை!) மறுபடி மறுபடி பட்டுவாடா அதிகாரி வருவார், ஆட்கள் மறுப்பார்கள். செப்டம்பர் 30 அன்று நம்ம மான்ட்கோமரி வந்து சொற்பொழிவு ஆற்றினார். சம்பளத்தை மறுப்பது கலகம், கலகத்துக்குத் தண்டனை மரணம் என்று மிரட்டல். கூடவே அவர்கள் இனத்தைப் பற்றி மட்டமான பேச்சு. யாரும் அசையவில்லை.

அதற்கு ரெண்டு நாள் முன்னால் ஒரு கார்ப்பரல் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதியிருந்தார். பெயர் ஜேம்ஸ் ஹென்றி குடிங். நியூ பெட்ஃபோர்ட் ஊரிலிருந்து திமிங்கில வேட்டைக் கப்பலில் போய் வந்தவர். போர்முனையிலிருந்து ஊர்ப் பத்திரிகைக்குத் தொடர்ந்து கடிதம் எழுதியவர். (நம்ம இனம்தான்!) இந்தக் கடிதம் நேரே லிங்கனுக்கு. சாராம்சம் ஒரே கேள்வி: நாங்கள் சிப்பாய்களா, கூலிகளா? சிப்பாயின் கடமையைச் செய்துவிட்டோம், சிப்பாயின் சம்பளம் ஏன் இல்லை?

மாநிலம் கொடுத்த பணமும் வேண்டாம்

இதற்கு அடுத்து நடந்ததுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது.

நவம்பரில் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. மத்திய அரசு கொடுக்காத மிச்சத்தை மாநிலமே கொடுக்கும். டிசம்பரில் ஆட்கள் நேரே முகாமுக்கே வந்தார்கள். கணக்கு நேர் ஆகிவிடும், 13 டாலர் கையில் வரும்.

வேண்டாம் என்றார்கள்!

நானாயிருந்தால் வாங்கியிருப்பேன். ஒளிவுமறைவே இல்லை. எந்தக் கணக்கிலிருந்து வந்தால் என்ன, மாசக் கடைசியில் அக்கவுண்ட்டில் விழுந்தால் சரி என்று நினைக்கிற ஆள் நான். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் வேறு. மாநிலத்திடம் மிச்சத்தை வாங்கினால், மத்திய அரசு சொல்லும் "நீங்கள் கூலிகள்" என்பதை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். பிரச்சினை தொகை இல்லை, அந்தப் பதிவேட்டில் தங்கள் பெயர் எந்தப் பத்தியில் எழுதப்படுகிறது என்பது. சேவைக் காலம் முடியும் வரை சம்பளமே இல்லாமல் சண்டை போடுகிறோம், ஆனால் குறைத்துத் தருவதை வாங்க மாட்டோம் என்றார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் விலை கொடுத்தது வீட்டில் இருந்தவர்கள். கூலி வேலை செய்து குடும்பம் நடத்தியவர்கள் இவர்கள், சேமிப்பு ஏது? வாடகை பாக்கி, பசி, குழந்தைக்குக் காய்ச்சல் என்று மனைவிகளின் கடிதங்கள் முகாமுக்கு வந்துகொண்டே இருந்தன. சிலர் ஏழைகள் விடுதிக்குப் போக வேண்டி வந்தது. தியாகம் என்று எழுதும்போது சிப்பாயை மட்டும் எழுதுகிறோம். அந்தப் பதினெட்டு மாசமும் அடுப்பு எப்படி எரிந்தது என்று யாரும் படம் எடுக்கவில்லை.

உயிரையே கொடுத்தவர்களும் உண்டு. 3வது தென் கரோலினா என்ற இன்னொரு கறுப்பின ரெஜிமென்ட்டில் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர், 1863 நவம்பரில் தன் கம்பெனியை அழைத்துப் போய் அதிகாரியின் கூடாரத்தின் முன் துப்பாக்கிகளை அடுக்கி வைக்கச் சொன்னார். சம்பளம் சமமாகும் வரை சேவை இல்லை என்று. 1864 பிப்ரவரி இறுதியில் ஜாக்சன்வில் ஊரில் கலகக் குற்றத்துக்காக அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 54வதும் அப்போது அந்த ஊரில்தான் முகாமிட்டிருந்தது. கவர்னர் ஆண்ட்ரூ பிறகு இதைக் குத்திக்காட்டினார்: இவருக்குச் சிப்பாய்ச் சம்பளம் கொடுக்கச் சட்டம் கிடைக்காத அரசுக்கு, இவரைச் சிப்பாய் என்று சுடுவதற்கு மட்டும் சட்டம் கிடைத்தது!

54வதின் சகோதர ரெஜிமென்ட்டான 55வதிலும் கொந்தளிப்பு. 1864 ஜூனில் வாலஸ் பேக்கர் என்ற சிப்பாயை அதிகாரியை அடித்த கலகக் குற்றத்துக்காகச் சுட்டுக் கொன்றார்கள்.

ஓலஸ்டீ

இத்தனைக்கு நடுவிலும் 54வது சண்டையை நிறுத்தவில்லை. 1864 பிப்ரவரி 20, ஃப்ளோரிடாவில் ஓலஸ்டீ என்ற இடத்தில் வடக்குப் படைக்குப் படுதோல்வி. பின்வாங்கும் படையைக் காப்பாற்ற 54வதை ஓட்டமாக முன்னால் அனுப்பினார்கள். அப்போது அவர்கள் எழுப்பிய கோஷம் என்ன தெரியுமா? மாசசூசெட்ஸுக்கும் மாசம் ஏழு டாலருக்கும் ஜே! சாவை நோக்கி ஓடும்போதும் இந்த நக்கல். இதுக்கு மேல ஒரு தொழிலாளர் கோஷம் நான் கேட்டதில்லை.

தோற்ற பிறகு இன்னொரு வேலை. காயம்பட்டவர்களை ஏற்றிய ரயிலின் என்ஜின் படுத்துவிட்டது. பின்னால் எதிரி வரலாம். 54வது திரும்பிப் போய், கயிறு கட்டி, அந்த ரயிலைக் கையால் இழுத்து வந்தது. மைல் கணக்கில். சண்டை போட்டு, நடந்து, களைத்த அதே ஆட்கள். சம்பளம்? பூஜ்யம்.

குடிங் இந்தச் சண்டையில் காயம்பட்டு விழுந்தார். இறந்துவிட்டதாக ஊரில் நினைத்தார்கள்.

சார்ஜென்ட் ஸ்டீஃபன் ஸ்வெய்ல்ஸ் என்பவருக்கும் இங்கே பலத்த காயம். அவருடைய வீரத்துக்காகக் கவர்னர் அவரை லெப்டினென்ட் ஆக்கினார். கறுப்பின ரத்தம் என்பதால் போர்த்துறை ஏற்கவில்லை. 1865 ஜனவரியில்தான் ஒப்புக்கொண்டது. ரெஜிமென்ட்டின் முதல் கறுப்பின அதிகாரி இவர்தான். பிற்பாடு தென் கரோலினாவில் செனட்டராகவும் ஆனார்.

கணக்கு தீர்ந்தது... ஒரு சத்தியத்தோடு

ரெஜிமென்ட்டின் பாதிரியார் சாமுவேல் ஹாரிசன், கறுப்பினத்தவர். அவருக்கும் அதே 10 டாலர் என்றார்கள். விவகாரம் அட்டர்னி ஜெனரல் பேட்ஸ் வரை போனது. பாதிரியாரைக் குழி வெட்டும் ஆளாகக் கணக்கில் எழுத முடியாது, முழுச் சம்பளம் உண்டு என்று 1864 ஏப்ரலில் அவர் கருத்துச் சொன்னார். சுவரில் முதல் விரிசல்.

ஜூன் 15 அன்று காங்கிரஸ் சட்டம் போட்டது. 1864 ஜனவரி 1 முதல் எல்லாருக்கும் சமச் சம்பளம். ஆனால் சேர்ந்த நாளிலிருந்தே முழு பாக்கியும் வேண்டும் என்றால் ஒரு நிபந்தனை. 1861 ஏப்ரல் 19 அன்று, அதாவது போர் தொடங்கிய சமயத்தில், நீ சுதந்திர மனிதனாக இருந்திருக்க வேண்டும்.

ஒரே கூடாரத்தில் தூங்கி, ஒரே கோட்டைச் சுவர் ஏறியவர்களை இப்படி ரெண்டாகப் பிரிக்கிறது சட்டம். 54வதில் தப்பி வந்த அடிமைகளும் இருந்தார்கள். அவர்கள் என்ன செய்வது?

அப்போதைய கர்னல் எட்வர்ட் ஹாலோவெல் குவேக்கர் குடும்பத்துக்காரர். ஒரு சத்திய வாசகம் தயாரித்தார். குறிப்பிட்ட தேதியிலோ அதற்கு முன்போ என் உழைப்பை இனாமாகப் பெறும் உரிமை எந்த மனிதனுக்கும் இருந்ததில்லை என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்ய வேண்டும். அவ்வளவுதான். மனிதச் சட்டப்படி அடிமையாக இருந்தவனும் கடவுள் சட்டப்படி இதை மனசாரச் சொல்லலாம். பொய்ச் சத்தியம் கிடையாது. எல்லாரும் சொன்னார்கள். இதைப் பிறகு "குவேக்கர் சத்தியம்" என்றே அழைத்தார்கள். நல்ல ஒரு ஹேக் என்று எனக்குத் தோன்றியது :-) (மற்ற பல ரெஜிமென்ட்களில் இருந்த முன்னாள் அடிமைகளின் பாக்கிக்கு வழி பிறந்தது 1865 மார்ச் சட்டத்தில்தான்.)

1864 செப்டம்பர் இறுதியில் பட்டுவாடா அதிகாரி வந்தார். 18 மாதச் சம்பளம், 54வதுக்கு மட்டும் சுமார் 1,70,000 டாலர். மாசம் 7 என்று வாங்கியிருந்தால் ஒரு சாதாரணச் சிப்பாய்க்கு 18 மாசத்துக்கு 126 டாலர். 13 என்றால் 234. வித்தியாசம் 108 டாலர். இதற்காகத்தான் அத்தனையும் என்று சொன்னால் அது கணக்கு மட்டும் தெரிந்தவன் பேச்சு. அன்றிரவு முகாமில் பாட்டும் கூத்தும் கொண்டாட்டமும்.

அதன் பிறகு 1864 நவம்பர் 30ல் ஹனி ஹில் சண்டை. 1865 ஏப்ரல் 18ல் பாய்கின்ஸ் மில். அதற்கு ஒன்பது நாள் முன்பே ஜெனரல் லீ சரணடைந்துவிட்டார், செய்தி வந்து சேரவில்லை! ஆகஸ்டில் ரெஜிமென்ட்டின் சேவை முடித்து வைக்கப்பட்டது. செப்டம்பர் 2 அன்று பாஸ்டனில் மறுபடி ஒரு அணிவகுப்பு, பிறகு கலைந்து வீட்டுக்குப் போனார்கள்.

பெயர்கள்

1897 மே 31 அன்று பாஸ்டனில், மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்கு எதிரே, செய்ன்ட் காடன்ஸ் என்ற சிற்பி செய்த வெண்கல நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. குதிரை மீது ஷா, கூடவே நடக்கும் சிப்பாய்கள். ஒவ்வொரு முகமும் தனி முகம், அச்சில் வார்த்த கூட்டம் இல்லை. ஆனால் அதில் பொறித்த பெயர்கள் இறந்த வெள்ளையர் அதிகாரிகளுடையவை மட்டும். இறந்த சிப்பாய்களின் பெயர்களைப் பொறித்தது 1980களில்தான். கொடியைக் காத்த கார்னிக்கு மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தது 1900ல், சம்பவம் நடந்து 37 வருஷம் கழித்து. சம்பளப் பதிவேட்டில் தொடங்கிய அதே வழக்கம் கல்லிலும் பதக்கத்திலும் தொடர்ந்திருக்கிறது. கொடுப்பார்கள், ஆனால் கேட்டுக்கிட்டே இருக்கணும்.

குடிங்கைப் பற்றிச் சொல்லி முடிச்சுடறேன். அவர் ஓலஸ்டீயில் இறக்கவில்லை. எதிரியிடம் பிடிபட்டு ஆண்டர்சன்வில் சிறைமுகாமுக்குப் போனார். சமச் சம்பளச் சட்டம் வந்தது 1864 ஜூன் 15. குடிங் அந்த முகாமில் இறந்தது ஜூலை 19. பட்டுவாடா நடந்தது செப்டம்பர் கடைசியில். லிங்கனிடம் கேள்வி கேட்டவருக்குப் பதில் வந்தபோது அவர் கையெழுத்துப் போட்டு வாங்க அங்கே இல்லை.

மாநிலத்தின் பணத்தை 54வது மறுத்தது சரியா, வீட்டில் அடுப்பெரிக்க வாங்கியிருக்கணுமா? எனக்கு இன்னும் முழுசாத் தெளிவாகலை. நீங்க அந்தக் கூடாரத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீங்கன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க.

பி.கு: "குளோரி" பார்க்காதவங்க கட்டாயம் பாருங்க. குறை சொன்னாலும் நல்ல படம். அந்தச் சீட்டு கிழிக்கும் காட்சி வரும்போது மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, இன்னும் பதினெட்டு மாசம் இருக்குன்னு நினைச்சுக்கோங்க.